இடது பாதி

"வலி எங்கேண்ணா?" என்று பர்வீன் கேட்டாள்.

"எங்கயும் இல்ல."

"அப்புறம் எதுக்கு மவுஸ மாத்தோணும்?"

"மாத்தணும். இருபத்தொரு நாள் இருக்கு."

ஈரோடு மேட்டூர் ரோட்டில் ஒரு மாடியில் அவள் கடை. கைகளுக்கான பிசியோதெரபி படித்தவள். கைவலிக்காரர்களுக்குப் பயிற்சி கொடுப்பாள், அவர்களுக்கு ஏற்ற கீபோர்டும் மவுஸும் விற்பாள். என் மனைவி நிறைமதியின் கல்லூரித் தோழி. நிறைமதி இறந்து ஐந்து மாதம். மூளையில் ஒரு ரத்தக்குழாய். இருபது நிமிடம். அடக்கத்தன்று பார்த்தபின் பர்வீன் என்னை இப்போதுதான் பார்க்கிறாள். எப்படி இருக்கீங்க என்று ஆரம்பித்தாள். நான் பையிலிருந்து கீபோர்டை எடுத்து மேசையில் வைத்தேன். அவள் நிறுத்திக்கொண்டாள்.

இரண்டாகப் பிரிந்த கீபோர்டு அது. இடது பாதி தனி, வலது பாதி தனி. இடையில் ஒரு வயர். தோள் அகலத்துக்குப் பிரித்து வைத்தால் மணிக்கட்டு வளையாது. தமிழ்99 முறையில் உயிரெழுத்துகள் எல்லாம் இடது கைக்கு. மெய்கள் வலது கைக்கு. வ, ங என்ற இரண்டு மட்டும் இடப்பக்கம் மாட்டிக்கொண்டவை. நிறைமதி அவற்றை வீட்டோடு மாப்பிள்ளைகள் என்பாள்.

"இது நீங்க ரெண்டு பேரும் எழுதினதுதானே?" என்றாள் பர்வீன். இடது பாதியைத் தொடாமல் பார்த்தாள்.

"ஆமா. அதுலதான் பிரச்சினை."

பிரச்சினை முந்தின நாள் வசந்தாமணியின் உருவத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தது. கையில் தொழிலாளர் தீர்ப்பாயத்தின் கடிதம். அதே கடிதம் எனக்கும் வந்து மேசையில் கிடந்தது. நான் பிரித்திருக்கவில்லை.

"என்ன போட்டிருக்குதுங் தம்பி இதுல? வக்கீல் சொன்னாரு, எனக்கு வெளங்கல. எங்கூட்டுக்காரரு சொன்னது செல்லாதுங்கறாங்களா?"

அவர் கணவர் துரைசாமி ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். கழிவுத் தொட்டிக்குள் இறங்கிய மூவரில் இருவர் உள்ளேயே போய்விட்டார்கள். துரைசாமி மட்டும் நான்கு நாள் உயிரோடு இருந்தார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் வாக்குமூலம் கொடுத்தார். 'கேஸ் மீட்டர் சிவப்பு காட்டுதுன்னு சொன்னேன். மேனேஜர் மீட்டரை நிறுத்திட்டு எறங்குன்னாரு.' வழக்கு முழுவதும் அந்த இரண்டு வரியில் நிற்கிறது. அதைக் கேட்டு எழுதியது நான். லைசென்ஸ் பெற்ற வாக்குமூல எழுத்தர் நான்.

"செல்லாதுன்னு இன்னும் சொல்லல. எழுதினது மனுசன்தானான்னு கேக்கறாங்க."

"மனுசன்தான? நீங்கதான?"

"அத நிரூபிக்கணும். இப்பல்லாம் மெசின் யார் குரல்ல வேணா பேசிருது. வீடியோவும் பண்ணிருது. அதனால கோர்ட்டுல ரெக்கார்டு எதையும் எடுத்துக்கறதில்ல. மனுசன் உக்காந்து, காதால கேட்டு, விரலால அடிச்சாத்தான் வாக்குமூலம். ஒரு எழுத்துக்கும் அடுத்ததுக்கும் எவ்வளவு இடைவெளி, எந்த எழுத்துல தயங்கறோம், மவுஸ் எப்படி நடுங்குது, எல்லாம் கூடவே பதியும். அதுக்குப் பேரு கைத்தடம். வாக்குமூலத்துக்கு அதுதான் முத்திரை. அன்னிக்குப் பதிஞ்ச தடமும் இப்ப நான் எழுதிக் காட்டற தடமும் ஒத்துப்போகணும். கம்பெனி வக்கீல் கேட்டிருக்காரு."

"எழுதிக் காட்டீட்டாப் போச்சு."

"ஒத்துப்போகாது."

"ஏஞ் சாமி?"

"அன்னிக்கு எழுதினது ரெண்டு பேரு."

வசந்தாமணி வியப்படையவில்லை. "அதான் தெரியுமே. அந்தப் புள்ள ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம். ஒரே வண்டில ரெண்டு மாடாட்டம். ஆபீசுலயே அப்படித்தான் அனுப்புவாங்கன்னு நெனச்சேன்."

எந்த ஆபீசும் அப்படி அனுப்பாது. எழுத்தருடன் ஒரு உதவியாளர் வரலாம். உதவியாளர் பையைத் தூக்கலாம். எழுதக் கூடாது.

இரண்டு வருடம் முன்பு பைக்கிலிருந்து விழுந்து என் இடது மணிக்கட்டு உடைந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. வேலையை நிறுத்த மனமில்லை. நிறைமதி என் இடப்பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இடது பாதியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். "உயிர் நான் போடறேன். மெய் நீ போடு." முதல் நாள் ஒரு வரிக்கு ஒன்பது பிழை. சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்தது. நான்காம் வாரம் நான் தனியாக எழுதிய வேகத்தைத் தாண்டிவிட்டோம். கட்டுப் பிரித்த பிறகும் அவள் எழுந்து போகவில்லை. நானும் எழுப்பவில்லை.

கைத்தடம் மெல்ல மாறுவதைச் சட்டம் அனுமதிக்கிறது. வயதாகும், நோய் வரும், கை மாறும். எங்கள் தடமும் மெல்ல மாறியது. அவள் இடது கையும் என் வலது கையும் சேர்ந்து ஒரே ஆள் என்று இயந்திரம் கற்றுக்கொண்டது. ஒன்றரை வருடம் அப்படித்தான் இருந்தோம். அவள் போன மறுவாரம் நான் வேறொரு கீபோர்டில் தனியாக உட்கார்ந்தபோது திரை சொன்னது: பதிவு பெற்ற எழுத்தர் நீங்கள் அல்ல. அதன்பின் நான் வேலைக்குப் போகவில்லை.

"அங்க உங்கள கேப்பாங்க," என்றேன் வசந்தாமணியிடம். "ஒருத்தர்தான் எழுதினாருன்னு சொல்லுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

"பொய் சொல்லோணுமா?"

"ஆமா."

அவர் கடிதத்தை நான்காக மடித்தார். பிறகு எட்டாக. "நாலு நாளு அந்தாளு மூச்சப் புடிச்சுட்டுக் கெடந்தது நெசத்தச் சொல்லத்தானுங் தம்பி," என்றார். அதைப் பையில் வைத்துக்கொண்டு, "சரி" என்றார்.

இதையெல்லாம் பர்வீனிடம் சொல்லி முடித்தேன்.

"மோசடிங்ண்ணா இது."

"ஆமா."

"தெரிஞ்சேதான் வந்திருக்கீங்க."

"துரைசாமி சொன்னது நிஜம். அதை எழுதின விதந்தான் தப்பு. விதத்துக்காக விசயம் போகக் கூடாது."

"சரி, மவுஸுக்கும் இதுக்கும் என்ன?"

"மவுஸ் நடுவுல இருந்துச்சு. அவ வலது கை சும்மா இருக்கும், என் இடது கை சும்மா இருக்கும். யார் கை பக்கமோ அது எடுக்கும். சில சமயம் ரெண்டும். அந்தத் தடத்த என்னால போலியா பண்ண முடியாது. ஆனா வலின்னு சான்றிதழ் குடுத்து வேற கருவிக்கு மாறினா, மவுஸ் தடத்தக் கணக்குல எடுத்துக்க மாட்டாங்க. விசை ஓட்டத்த மட்டும்தான் ஒப்பு பாப்பாங்க. பழகிக்க இருபத்தொரு நாள் இருக்கு."

"சான்றிதழ் நான் குடுக்கணும்."

"ஆமா."

"என் லைசென்ஸும் போகும்."

"போகலாம். வேணாம்னா எழுந்து போயிடறேன்."

பர்வீன் எழுந்து அலமாரியைத் திறந்தாள். "உக்காருங்க," என்றாள்.

அன்று பதினொரு மணியிலிருந்து இரண்டு மணிவரை கருவிகளைப் பார்த்தோம். முதலில் நிமிர்ந்த மவுஸ், ஆளோடு கைகுலுக்குவதுபோலப் பிடிப்பது. "வலது கை பக்கவாட்டுல ரொம்ப தூரம் போகணும். வேணாம்." பேனாவும் பலகையும். எடுக்கவும் வைக்கவும் நேரம் போனது. கீபோர்டுக்கு நடுவே பட்டாணி அளவுக் குமிழ். விரலால் தள்ளினால் அம்பு ஓடும். என் விரலுக்கு அது எங்கோ ஓடி ஒளிந்தது. காலால் மிதிக்கும் பெடல். "ஆபீசர் முன்னாடி தையல் மெசின் மிதிக்கற மாதிரி உக்காந்திருப்பீங்க," என்று பர்வீன் சிரித்தாள். நானும் சிரித்திருக்க வேண்டும். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"இப்படித் தேடினா முடியாது," என்றாள் கடைசியில். "எல்லாரும் கைக்கு ஏத்த கருவி கேட்டு வருவாங்க. உங்களுக்கு வேண்டியது என்ன? அவ கை மாதிரி உங்க கையை ஆக்கற கருவி."

இடது பாதியைத் தன் கணினியோடு இணைத்தாள். ஒவ்வொரு பாதிக்கும் தனி நினைவுச் சில்லு உண்டு. அதில் கடைசியாக எழுதியவரின் ஓட்டம் இருக்கும். திரையில் கோடுகள் எழுந்தன. ஐந்து மாதமாக அந்தப் பாதியை யாரும் தொடவில்லை.

பர்வீன் கோடுகளைப் படித்தாள். குரல் லேசாக மாறியது. "ஆ-வுக்கு எப்பவும் லேட்டு. பாருங்க. மத்த எழுத்தெல்லாம் டக்டக்குன்னு வருது. ஆ மட்டும் தாமதம்."

"அது மேல் மூலையில இருக்கு. சுண்டுவிரல் எட்டாது அவளுக்கு."

"சின்னக் கை. காலேஜ்ல வளையல் வாங்கப் போனா கொழந்தைங்க அளவுதான் சரியாருக்கும்." பிறகு ஒரு ட்ராக்பாலை எடுத்தாள். சுண்டைக்காயைவிடப் பெரிய, எலுமிச்சையைவிடச் சிறிய ஒரு பந்து, சின்னக் கிண்ணத்தில். கட்டைவிரலால் உருட்டுவது. அதை இடது பாதியின் உள்விளிம்பில் பிசின் நாடாவால் ஒட்டினாள்.

"கட்டைவிரல இது மேலயே வெச்சுக்கணும். எடுக்கக் கூடாது. இப்ப ஆ போடுங்க."

கை உள்பக்கம் இழுபட்டிருந்தது. சுண்டுவிரல் மூலைக்குப் போகத் தடுமாறியது. ஆ தாமதமாக வந்தது.

"உங்க கை சின்னதாயிருச்சு," என்றாள் பர்வீன். "ஆனா இது வலிக்கும். வலிக்காம இருக்கத்தான் நான் கடையே வெச்சிருக்கேன். வலி வேணும்னு வந்த மொத ஆளு நீங்க."

சில்லில் இருந்த ஓட்டத்தைத் தன் கணினியில் படியெடுத்து வைத்துக்கொண்டு சான்றிதழ் எழுதினாள். இடது கட்டைவிரல் அடி, மணிக்கட்டு, கடும் வலி. கையெழுத்துப் போடும்போது ஒரு நொடி பேனா நின்றது. பிறகு போட்டாள்.

தினமும் காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தேன். சாப்பிட ஒரு மணி நேரம். மாலை ஐந்து வரை. பழைய வாக்குமூலங்களைத் திரும்ப எழுதினேன். பர்வீன் கொடுத்த மென்பொருள் என் இடது கையை நிறைமதியின் கையோடு ஒப்பிட்டு எண் சொல்லும். முதல் நாள் நாற்பத்தொன்று. தேர எண்பத்தைந்து வேண்டும்.

மனப்பாடம் செய்வதுபோல அவள் கையைப் படித்தேன். புள்ளி மிக வேகம். சுட்டுவிரலின் கீழே இருக்கும், பட்டென்று வைத்துவிடுவாள். "உன் மெய் எல்லாத்துக்கும் புள்ளி வைக்கறது நாந்தான். அழிக்கற விசையும் என் கட்டைவிரல்ல. பாத்து நடந்துக்க," என்பாள். ஐ-க்கு முன் சிறு தயக்கம், ஏனென்று தெரியாது. இ-யும் உ-வும் சில சமயம் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். ஒரு கையை இவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்று அந்தக் கை இருந்தபோது எனக்குத் தெரியாது.

வேலை ஆரம்பிக்கும்போது அவளுக்கு ஒரு வழக்கம். இடது பாதியால் தனியாக எழுதக்கூடிய சொற்கள் குறைவு. அவற்றில் ஒன்று 'வா'. வ அவள் பக்கத்து மாப்பிள்ளை, ஆ அவளுடையது. நான் காபியோடு சமையலறையில் நின்றால் அதைத் தட்டிவிட்டுத் திரையைக் காட்டுவாள். நான் வந்து 'வரேன்' என்று பதில் எழுத வேண்டும். என்னால் முடியாது. என் பக்கம் ர-வும் ன-வும் மட்டும்தான். வ-வையும் ஏ-யையும் புள்ளியையும் அவள் போட வேண்டும். "வரேன்னு சொல்லக்கூட நான் வேணும்டா உனக்கு," என்பாள். வெளி வேலைக்குப் போனாலும், இணைப்புச் சரியா என்று பார்க்கிற சாக்கில் அதை எழுதிவிட்டு அழிப்பாள்.

ஒன்பதாம் நாள் அறுபத்தாறு. பதினான்காம் நாள் எழுபத்தொன்பது. அன்று காலை பல் துலக்கும்போது இடது கட்டைவிரலின் அடியில் ஏதோ சுருக்கென்றது. நின்று கவனித்தேன். மறுபடி சுருக்கென்றது. வலி. ஐந்து மாதத்தில் முதல் முறையாக என் உடம்பில் ஏதோ ஒன்று ஏதோ ஓர் இடத்தில் வலித்தது. போய் உட்கார்ந்து எழுதினேன்.

பர்வீன் கையைப் பார்த்துத் திட்டினாள். "வீங்கியிருக்கு. ரெண்டு நாள் நிறுத்துங்க."

"சான்றிதழ் உண்மையாயிருச்சு. உங்களுக்கு நல்லதுதான்."

"ஜோக்கா இது?"

"தெரியல."

இருபதாம் நாள் தொண்ணூறு.

ஒப்புநோக்கு அறை தீர்ப்பாயத்தின் இரண்டாம் மாடியில். நீள மேசை. அலுவலர் மங்கையர்க்கரசிக்கு ஐம்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். எதிரில் கம்பெனி வக்கீல். சுவரோரம் வசந்தாமணி, மடியில் பையோடு.

அலுவலர் முதலில் அவரைக் கேட்டார். "வாக்குமூலம் எழுதினப்ப நீங்க கூட இருந்தீங்களாம்மா? எழுதினது யாரு?"

"இந்தத் தம்பிதானுங்க." தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒருத்தர்தானா?"

"ஒருத்தருதானுங்க."

நான் கட்டைவிரலைப் பந்தின்மேல் வைத்தேன். அலுவலர் துரைசாமியின் வாக்குமூலத்தையே சத்தமாக வாசித்தார். நான் கேட்டு எழுதினேன். 'நான் துரைசாமி. எனக்கு நல்ல நினைவு இருக்கிறது.' ஆ தாமதமாக வந்தது. புள்ளி வேகமாக விழுந்தது. ஐ-க்கு முன் தயங்கினேன். ஒரு கணம்கூடத் தவறவில்லை. மீட்டர் சிவப்பு காட்டிய வரியை எழுதி முடித்ததும் போதும் என்றார்.

திரையைப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இடது கை தொண்ணூத்தொண்ணு."

நான் மூச்சு விட்டேன்.

"வலது கை அம்பத்தெட்டு."

எனக்குப் புரியவில்லை. வலது என்னுடையது. அதைச் சோதிக்க வேண்டும் என்று எனக்கோ பர்வீனுக்கோ ஒரு நாளும் தோன்றவில்லை.

"பதினஞ்சு வருசமா இந்த வேலை பாக்கறேன்," என்றார் மங்கையர்க்கரசி. "ஏறினா ரெண்டு கையும் ஏறும், எறங்கினா ரெண்டும் எறங்கும். இப்படிப் பாத்ததில்ல. உயிரெழுத்தெல்லாம் பொருந்துது. மெய் பொருந்தல." என்னைப் பார்த்தார். "இடது கை நீங்கதான். வலது கை யாரோடது?"

"மேடம், இதுவே போதும்," என்று வக்கீல் எழுந்தார். "பதிவு பெற்ற எழுத்தர் இவரில்லை. முத்திரை செல்லாதுன்னு குறிச்சுக்கலாம்."

வசந்தாமணி தலை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். கைவலி என்று சொல்லலாம். இன்னொரு நாள் கேட்கலாம். வலது கையையும் இருபத்தொரு நாள் பழக்கலாம். ஆனால் எதைப் பார்த்துப் பழக்குவது? என் கையைப்போல என் கை எழுத நான் யாரிடம் கற்பேன்?

"வலது கை என்னோடது," என்றேன். "இடதுதான் என்னோடது இல்ல. அது என் மனைவியோடது. வாக்குமூலத்த நாங்க ரெண்டு பேரும் எழுதினோம். உயிர் அவ, மெய் நான். அவ இறந்துட்டா. இப்ப நான் எழுதினது அவ கையப் பாத்துக் கத்துக்கிட்டது. இந்தப் பந்து வலிக்காக வாங்கினது இல்ல. என் கையச் சின்னதாக்க வாங்கினது."

அலுவலர் திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார்.

"இது உங்க லைசென்ஸுக்கு எதிரானது. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியும்."

"செத்துப்போனவங்கள சாட்சிக்குக் கூப்பிடறாரு," என்றார் வக்கீல். "இதுக்கென்ன ஆதாரம்?"

வசந்தாமணி எழுந்துவிட்டார். "நான் மொதல்ல சொன்னது பொய்யுங்க. ரெண்டு பேருதான் எழுதுனாங்க. அந்தப் புள்ள எடது கையில எழுதுச்சு. எங்கூட்டுக்காரரு மூச்சுக்குத் தவிக்கறப்பல்லாம் வலது கையில அவரு கையப் புடிச்சுக்குச்சு. கடைசி வரைக்கும் உடல. ரெண்டு கையிலயும் எழுதறவங்க எப்படீங்க ஒரு கையக் குடுக்க முடியும்?"

அதை நான் மறந்திருந்தேன். அன்று மவுஸை முழுவதும் நான்தான் எடுத்தேன். ஏனென்று இப்போதுதான் நினைவு வந்தது.

மங்கையர்க்கரசி வாக்குமூலத்தின் பழைய முத்திரையைத் திரையில் திறந்தார். "முத்திரையில ரெண்டு பாதியும் தனித்தனியா பதிஞ்சிருக்கு," என்றார். "அந்த இடது கையோட ஓட்டத்த மட்டும் அதே நேரக்கணக்குல ஓட விடறேன். வலது மட்டும் நீங்க போடுங்க. அது யாருக்காகவும் நிக்காது. தவறினா தவறினதுதான்."

"விதியில இப்படி ஒரு சோதனையே இல்ல மேடம்."

"இல்லைன்னு எழுதிக்கறேன். கூடாதுன்னு விதி இருந்தா காட்டுங்க."

நான் வயரைப் பிடுங்கினேன். இடது பாதியை மேசையின் ஓரத்துக்கு நகர்த்தினேன். இடது கையை மடியில் வைத்துக்கொண்டேன். அது எங்கே வைப்பதென்று தெரியாமல் கிடந்தது.

திரை காலியாக இருந்தது. பிறகு ஒரு எழுத்து விழுந்தது. வ. ஒரு தாமதம். ஆ.

வா.

"இது வாக்குமூலத்துல இல்லையே," என்றார் வக்கீல்.

"அழிச்சதையும் முத்திரை வெச்சிருக்கும்," என்றார் அலுவலர்.

அடுத்த வ விழுந்தது. அதற்கு அடுத்தது என் ர-வுக்கான இடம். என் விரல் விசையின்மேல் இருந்தது. அழுத்த முடியவில்லை. ஏ விழுந்து வே ஆனது. புள்ளி விழுந்தது. திரையில் ஓட்டை விழுந்த ஒரு சொல் நின்றது. பிறகு எல்லாம் அழிந்தது.

"தயாரா இல்லையா?" என்று அலுவலர் மெல்லக் கேட்டார்.

"தயார்."

ந போட்டேன். காத்திருந்தேன். ஆ, தாமதமாக. ன. புள்ளி, உடனே. த. உ. ர. தயங்கி, ஐ. ச. மறுபடி தாமதமாக ஆ. ம. இ. நான் எதையும் எண்ணவில்லை. எப்போது நிற்க வேண்டும், எப்போது முந்த வேண்டும் என்று வலது கைக்குத் தெரிந்திருந்தது. மூச்சு வாங்கும் இடங்களில் இரண்டு கைகளும் சேர்ந்து நின்றன. அந்த இடங்களில் அவள் வலது கை எங்கே இருந்தது என்று இப்போது எனக்குத் தெரியும். மீட்டர் சிவப்பு காட்டியது. மேனேஜர் இறங்கச் சொன்னார். கடைசிப் புள்ளியை அவள் வைத்தாள்.

"தொண்ணூத்தாறு," என்றார் மங்கையர்க்கரசி.

கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு கையும் ஒரே ஆளோடதா இருந்தா வலது காத்திருக்காது. இடது எப்ப வரும்னு அதுக்கு முன்னாடியே தெரியும். உங்க கை காத்திருந்து பழகினது. அந்தக் காத்திருப்பும் சேர்ந்துதான் முத்திரையில பதிஞ்சிருக்கு. இன்னிக்கு மொதல்ல தனியா எழுதினப்ப அது இல்ல. அதான் அம்பத்தெட்டு." அறிக்கையில் அவரே தட்டிக்கொண்டு வாய்விட்டுச் சொன்னார். "எழுதியது மனிதக் கை. இரண்டு மனிதர்கள். வாக்குமூலம் ஏற்கத்தக்கது என்பது என் கருத்து. எழுத்தரின் லைசென்ஸ் இன்று முதல் ரத்து. சான்றிதழ்..." என் கையைப் பார்த்தார். கட்டைவிரலின் அடி சிவந்து வீங்கியிருந்தது. "வலி இருக்கா?"

"இருக்கு."

"அப்போ சான்றிதழ்ல தேதிதான் தப்பு. அதை அவங்க விளக்கட்டும்."

வெளியே படிக்கட்டில் வசந்தாமணி என் இடது கையைப் பிடித்துக்கொண்டார். வீங்கிய இடத்தில் அழுத்தமாகப் பிடித்தார். வலித்தது. நான் இழுத்துக்கொள்ளவில்லை.

தீர்ப்பாயம் அடுத்த மாதம் வாக்குமூலத்தை ஏற்றுக்கொண்டது. மேனேஜர்மேல் வழக்கு நடக்கிறது. பர்வீனுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கடைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள்.

"இப்ப வலி எங்கேண்ணா?"

"கட்டைவிரல் அடி. மணிக்கட்டு. முழங்கை வரைக்கும் இழுக்குது. தோள்லயும் இருக்கு."

"இத மொத நாளே சொல்லியிருந்தா ஒரு மணி நேரத்துல அனுப்பியிருப்பேன்," என்றாள். "இனி வாக்குமூலம் எழுத முடியாது. எதுக்கு மவுஸு?"

"மொழிபெயர்ப்பு வேலை ஒண்ணு கேட்டிருக்கேன். அதுக்குத் தடம் கேக்க மாட்டாங்க."

"என்ன மாதிரி வேணும்?"

"நடுவுல வைக்கறது. ரெண்டு கைக்கும் எட்டணும்."

"ரெண்டு கையும் உங்களோடதுதானே?"

"ஆமா."

இடது பாதியின் ஓரத்திலிருந்து சின்னப் பந்தை அவள் பிரித்தெடுத்தாள். பிசின் தடம் விட்டது, அதைத் துடைத்தாள். அலமாரியிலிருந்து கைப்பிடி அளவுள்ள பெரிய பந்தை எடுத்து இரண்டு பாதிகளுக்கும் நடுவே வைத்தாள். வலது கையாலும் உருட்டலாம், இடது கையாலும் உருட்டலாம். என் விரல்கள் அதன்மேல் தளர்ந்து கிடந்தன. இழுக்கவில்லை.

"எழுதிப் பாருங்க," என்றாள். "ஏதாவது."

இடது கையால் வ போட்டேன். ர என்னுடையது, போட்டேன். வலது கை வழக்கம்போல நின்றது. காத்திருந்தது. இடது கை வரக் கொஞ்சம் நேரமாயிற்று. ஏ. பிறகு ன. பிறகு புள்ளி, நானே வைத்தேன்.

பர்வீன் எட்டிப் பார்த்தாள். 'வரேன்' என்று இருந்தது.

"கிளம்பறீங்களா?" என்றாள்.

"ஆமா," என்றேன். அந்தச் சொல்லை அழிக்கவில்லை.